பெயர் சூட்டும்போதே தொடங்கிவிடும் கொலை

பிகாரின் பூர்ணியா மாவட்டத்தில் டேட்கமா என்றொரு சிற்றூர். ஒராவோன் பழங்குடியினர் வாழும் ஊர். 2025 ஜூலை 6 இரவு, அங்கே ஒரு வீட்டை ஊரார் திரண்டு வந்து சூழ்ந்துகொண்டார்கள். சில நாள்களுக்கு முன் அந்த ஊரில் ஒரு குழந்தை இறந்திருந்தது. இன்னொரு குழந்தையும் நோயில் கிடந்தது. எல்லாம் இந்த வீட்டார் வைத்த சூனியம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மூன்று பெண்கள், இரண்டு ஆண்கள் என ஒரே குடும்பத்தில் ஐந்து பேரை அடித்து எரித்தார்கள். உடல்களைக் குளத்தில் மறைத்தார்கள். அந்த வீட்டுச் சிறுவன் ஒருவன் தப்பியோடியதால்தான் செய்தி வெளியே வந்தது.

இப்படியொரு செய்தியைப் படித்ததும் ‘மூடநம்பிக்கை’ என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். அந்தச் சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. அது பொய் என்பதால் அல்ல. எல்லோரையும் தப்பவிட்டுவிடும் சொல் என்பதால். நம்பிக்கைக்குக் கைவிலங்கு மாட்ட முடியாது. ஆனால், இந்தக் கொலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு பெண்ணைச் சுட்டி, “இவள்தான்” என்று முதலில் சொன்ன வாய் ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர், முகவரி எல்லாம் உண்டு.

அந்த வாய் பெரும்பாலும் ஓஜாவுடையது. நம் ஊர் மந்திரவாதியும் குறிசொல்பவரும் சேர்ந்த ஆள் என்று ஓஜாவைச் சொல்லலாம். குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், மருத்துவர் எட்டாத ஊர்களில் முதலில் ஓடுவது அவரிடம்தான். மலேரியாவோ மஞ்சள் காமாலையோ மந்திரத்துக்குக் கட்டுப்படாது. காய்ச்சல் ஏறும், குழந்தை இறந்துபோகும். கூலி வாங்கிய ஓஜாவுக்கு இப்போது ஒரு காரணம் வேண்டும். ‘என்னால் முடியவில்லை’ என்று சொன்னால் பிழைப்பு போய்விடும். ‘என்னைவிடப் பெரிய சக்தி ஒன்று தடுக்கிறது’ என்று சொன்னால் மதிப்பு கூடும். அவருடைய தோல்வி அந்த நொடியில் ஒரு பெண்ணின் குற்றமாக மாறிவிடுகிறது. ஜார்க்கண்டில் அவளை ‘டாயன்’ என்பார்கள், சத்தீஸ்கரில் ‘டோனஹி’.

யார் அந்தப் பெண்? யாருக்காக யாரும் வந்து நிற்க மாட்டார்களோ, அவள். கணவனை இழந்தவள், பிள்ளையில்லாதவள், பங்கு கேட்டவள். ஜார்க்கண்டின் சிங்பூம் பகுதியில் ஹோ பழங்குடியினரின் வழக்கப்படி கைம்பெண்ணுக்குக் கணவனின் நிலத்தில் வாழ்நாள் உரிமை உண்டு. அவளுக்குப் பிறகு அது கணவன் வழி ஆண்களுக்குப் போகும். அவள் இருக்கும்வரை அவர்கள் காத்திருக்க வேண்டும். ‘டாயன்’ என்ற பட்டம் அந்தக் காத்திருப்பை முடித்துவைக்கிறது. கோவிந்த் கேல்கர், தேவ் நாதன் ஆகிய ஆய்வாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே இதை எடுத்துக்காட்டிவிட்டார்கள். பழங்குடிப் பெண்களின் நில உரிமை வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஆண்வழி வழக்காற்றை ரத்துசெய்யாமல், வாழ்வாதாரத்துக்கான பாதுகாப்பை மட்டும் தந்தது. நிலத்தகராறு இல்லாத இடத்தில் பழைய பகை, பொறாமை, வேலிச் சண்டை. காரணத்துக்கா பஞ்சம்?

சரெய்கேலா - கர்சாவான் மாவட்டத்தைச் சேர்ந்த சுட்னி மஹதோவுக்கு 1995-ல் இதுதான் நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் பிள்ளைக்கு உடல்நலம் கெட்டது. ஊர்ப் பஞ்சாயத்து கூடி, இவர்தான் டாயன் என்று தீர்ப்புச் சொல்லி 500 ரூபாய் அபராதம் போட்டது. அவர் கட்டினார். பிள்ளைக்குக் குணமாகவில்லை. பிறகு ஊரே அடித்து, மலத்தைத் தின்னச் சொல்லி வதைத்தது. பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடினார். இந்தச் சம்பவத்தில் என் நெஞ்சை அறுப்பது அந்த 500 ரூபாய்தான். செய்யாத குற்றத்துக்கு அபராதம் கட்டினால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு பெண் நம்பியிருக்கிறார்.

நான்காண்டுகள் கழித்து, 1999-ல் பிகார் அரசு இதற்கெனச் சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே முதல் சட்டம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஜார்க்கண்ட் பிரிந்தபின் அதையே எடுத்துக்கொண்டது. ஒரு பெண்ணை டாயன் என்று அடையாளம் காட்டுபவருக்கு அந்தச் சட்டத்தில் அதிகபட்சத் தண்டனை மூன்று மாதச் சிறை அல்லது 1,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். துன்புறுத்தினால் ஆறு மாதம், 2,000 ரூபாய். மந்திரித்து ‘குணப்படுத்தும்’ ஓஜாவுக்கு ஓராண்டு. சுட்னியிடம் ஊர் பிடுங்கியது 500 ரூபாய்; அந்தப் பட்டத்தைச் சூட்டியவருக்குச் சட்டம் வைத்த விலை 1,000 ரூபாய். இதற்கு யார் அஞ்சுவார்கள்? சட்டம் வந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2015 ஆகஸ்டில், ராஞ்சி மாவட்டம் மாண்டர் அருகே ஐந்து பெண்களை நள்ளிரவில் வீடுகளிலிருந்து இழுத்துவந்து கொன்றார்கள்.

அசாம் வேறு வழியில் போனது. அதற்குப் பின்னால் ஒரு பெண் இருந்தார். கோவால்பாரா மாவட்டத்தில் மேகாலய எல்லையை ஒட்டிய ஊரைச் சேர்ந்தவர் பிருபாலா ராபா. மனநலம் குன்றிய அவருடைய மகன் மூன்றே நாளில் இறந்துவிடுவான் என்று நாட்டு வைத்தியர் ஒருவர் சொன்னார். மூன்று நாள் கழிந்தது. மகன் இறக்கவில்லை. அந்தத் தாய்க்கு வேறு பாடம் தேவைப்படவில்லை. ‘சூனியக்காரி என்று யாரும் கிடையாது’ என்று ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னார். சொந்த ஊரே அவரை ஒதுக்கிவைத்தது. அவர் ஓயவில்லை, ஊர் ஊராகப் போய்ப் பல பெண்களை மீட்டார். அவரைப் போன்றோரின் போராட்டத்தால் 2015-ல் அசாம் சட்டமன்றம் நிறைவேற்றிய சட்டத்துக்கு 2018-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைத்தது. ஒருவரைச் சூனியக்காரி என்று சொன்னாலே ஏழாண்டு வரை சிறை. பிணையை உரிமையாகக் கேட்க முடியாது. சுட்னி, பிருபாலா இருவருக்கும் 2021-ல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. பிருபாலா 2024 மே மாதம் காலமானார்.

சட்டம் மட்டும் போதாது என்பார்கள். உண்மைதான். மருத்துவர் உட்காராத சுகாதார நிலையம் ஓஜாவுக்குத் திறந்துவிட்ட வாசல். பெண்ணுக்கு நிலத்தில் உரிமை உறுதியானால் அவளைத் துரத்துவதில் லாபம் இருக்காது. பழங்குடிப் பெண்களின் வாரிசுரிமையை மறுப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2025 ஜூலை 17-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது அந்த வகையில் பெரிய நம்பிக்கை. ஆனால், டேட்கமா போன்ற ஊர்களுக்கு மருத்துவரும் பட்டாவும் போய்ச் சேரும்வரை உயிர்கள் காத்திருக்க முடியாது. 2022-ல் மட்டும் சூனியத்தைக் காரணமாகக் கொண்ட கொலைகள் 85 என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களும் மலம் தின்ன வைக்கப்பட்டவர்களும் இந்தக் கணக்கில் இல்லை.

சில மாநிலங்களில் மட்டுமே இதற்குத் தனிச் சட்டம்; அவற்றுக்குள்ளும் தண்டனை மூன்று மாதத்திலிருந்து ஏழாண்டு வரை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. நாடு முழுமைக்கும் பொருந்தும் சட்டம் ஒன்றை நாடாளுமன்றம் இயற்ற வேண்டும். ஒரு பெண்ணைச் சுட்டி அந்தச் சொல்லைச் சொன்ன அன்றே வழக்குப் பதிய வேண்டும். குறி சொன்னவர் முதல் குற்றவாளியாக நிற்க வேண்டும். “என்னை டாயன் என்கிறார்கள் ஐயா” என்று ஒரு பெண் காவல் நிலையப் படியேறினால், அதை ஊர்ச் சண்டை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அந்தப் படியில் நிற்கும்போது அவள் உயிரோடு இருக்கிறாள்.