பிளக் பாயிண்ட் விட்டு பிளக் பாயிண்ட்

தனியாகத் தொழில் செய்யும் வீடியோ எடிட்டர்களும் கலரிஸ்ட்டுகளும் அனிமேஷன் கலைஞர்களும் ஏதோ ஒரு கட்டத்தில் 18 அங்குலத் திரையும் உச்சகட்ட கிராஃபிக்ஸ் சிப்பும் கொண்ட பெரிய லேப்டாப் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். டெஸ்க்டாப்பின் வலுவும் லேப்டாப்பின் வசதியும் ஒரே பெட்டியில் கிடைக்கும் என்கிறது விளம்பரம். இந்த வகையின் மேல்தட்டு மாடல்கள் நான்கு லட்சம் ரூபாயைத் தாண்டுகின்றன. மாதாமாதம் ஒரே மாதிரி வருமானம் வராத தொழிலில் இருப்பவர் இஎம்ஐ போட்டு வாங்கும் பொருள் இது. தவறான முடிவென்றால் இரண்டு மூன்று ஆண்டு உழைப்பு தவணையிலேயே கரையும். அதனால் கறாராகவே சொல்லிவிடலாம்: ஒரே வேலையை, முழு வலுவோடு, மின் இணைப்பு உள்ள வெவ்வேறு இடங்களில் செய்தே ஆக வேண்டியவருக்கு மட்டுமே இந்த இயந்திரம் பொருந்தும். மற்றவர்கள் அதே பணத்தைப் பிரித்து ஒரு நல்ல டெஸ்க்டாப்பும் எடை குறைந்த லேப்டாப்பும் வாங்குவதே புத்திசாலித்தனம்.

‘மின் இணைப்பு உள்ள’ என்று அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எம்எஸ்ஐ டைட்டன் 18 எச்எக்ஸ் லேப்டாப்பின் எடை 3.6 கிலோ; அதோடு வரும் சார்ஜர் 400 வாட். பேட்டரியோ 99.9 வாட்-அவர்தான். போட்டி நிறுவனங்களின் பெரிய மாடல்களிலும் பேட்டரி ஏறக்குறைய இதே அளவில் வந்து நிற்பதைப் பார்க்கலாம். விமானப் பயணி தனி அனுமதி இல்லாமல் கையோடு கொண்டுபோகக்கூடிய லித்தியம் பேட்டரியின் வரம்பு 100 வாட்-அவர். அதற்கு மேல் 160 வரை போக விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஆகவே உடல் எவ்வளவு பெருத்தாலும் பேட்டரி அந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. 250 வாட் இழுக்கும் வேலையை அந்தப் பேட்டரியில் ஓட்டினால் கணக்குப்படி 24 நிமிடத்தில் தீர்ந்துவிடும். நடைமுறையில் அந்த 24 நிமிடமும் கிடைக்காது. அவ்வளவு மின்சாரத்தை ஒரே மூச்சில் பேட்டரியால் தர முடியாததால், பிளக்கைப் பிடுங்கியதுமே பிராசசரும் கிராஃபிக்ஸ் சிப்பும் தங்கள் வேகத்தை வெகுவாகக் குறைத்துக்கொள்கின்றன. ரயிலில் உட்கார்ந்து ரெண்டர் போடலாம் என்று நினைத்து வாங்கினால் ரயிலில் கையில் இருப்பது பாதி விலை லேப்டாப்பின் வலுதான்.

இந்த வகையின் முன்னோடிகளும் அப்படித்தான் இருந்தன. 1981-ல் வந்த ஆஸ்போர்ன் 1 கணினியின் எடை சுமார் 11 கிலோ. 1983-ல் விற்பனைக்கு வந்த காம்பேக் போர்ட்டபிள் அதைவிடக் கனம். இரண்டிலும் உள்ளே பேட்டரி கிடையாது. ஒரு பிளக் பாயிண்டிலிருந்து இன்னொரு பிளக் பாயிண்டுக்குத் தூக்கிப் போவதற்காகவே அவை செய்யப்பட்டன. அந்தத் தேவை உள்ளவர்கள்தான் வாங்கினார்கள். நாற்பது ஆண்டுகளில் எடை மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருக்கிறது. பயன்படும் விதம் அவ்வளவாக மாறவில்லை.

அடுத்தது, பெயர் விவகாரம். ஏமாற்றம் அதிகம் நடக்கும் இடம் இதுவே என்பதால் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். என்விடியாவின் டெஸ்க்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-ல் 16,384 கூடா கோர்கள் (என்விடியா சிப்பின் கணக்கீட்டு அலகுகள்), 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4090-ல் 9,728 கோர்கள், 16 ஜிபி மெமரி, அதிகபட்சமாக 175 வாட். இரண்டிலும் இருப்பது வேறு வேறு சிப். எண் மட்டும் ஒன்று. 2025-ல் வந்த 5090-லும் இதே கதைதான்: டெஸ்க்டாப்பில் 21,760 கோர்கள், 32 ஜிபி, 575 வாட்; லேப்டாப்பில் 10,496 கோர்கள், 24 ஜிபி. எப்போதும் இப்படி இருந்ததில்லை. பழைய லேப்டாப் சிப்புகளின் எண்ணுக்குப் பின்னால் ‘எம்’ என்ற எழுத்து இருக்கும்; பார்த்தவுடனே வித்தியாசம் புரிந்துவிடும். 2016-ல் ஜிடிஎக்ஸ் 10 வரிசையில் அந்த எழுத்தை எடுத்தபோது அதற்கு நியாயம் இருந்தது, ஏனென்றால் 1080 லேப்டாப்பிலும் டெஸ்க்டாப்பிலும் ஒரே 2,560 கோர்கள். 2021-ல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை லேப்டாப்புக்கு வந்தபோது 3080 என்ற ஒரே பெயரின் கீழ் இரு வேறு சிப்புகள் வந்தன. நியாயம் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. கீழ்நிலை மாடல்களில் குழப்பம் இன்னும் மோசம். லேப்டாப் ஆர்டிஎக்ஸ் 4070 சிப்பை 35 வாட்டில் ஓட்டலாம், 115 வாட்டிலும் ஓட்டலாம்; எதில் ஓட்டுவது என்பதை லேப்டாப் செய்யும் நிறுவனம் முடிவு செய்கிறது. கடையில் அருகருகே இருக்கும் இரண்டு லேப்டாப்புகளில் ஒரே ஸ்டிக்கர் இருந்தும் வேலை முடியும் நேரம் வெகுவாக வேறுபடலாம்.

பெரிய லேப்டாப்பின் பக்கம் உள்ள வலுவான வாதத்தையும் இங்கேயே சொல்லிவிடுவது முறை. லேப்டாப் 5090-ல் இருப்பது டெஸ்க்டாப் 5080-ல் உள்ள அதே வகை சிப். ஆனால் டெஸ்க்டாப் 5080-க்கு 16 ஜிபி மெமரி, லேப்டாப் 5090-க்கு 24 ஜிபி. படைப்பு வேலையில் இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. வேகம் குறைந்தால் காத்திருக்கலாம். கிராஃபிக்ஸ் மெமரி போதாவிட்டால் பிளெண்டரில் கனமான காட்சியின் ரெண்டர் நின்றுபோகும், அல்லது கணினியின் பொது மெமரியைக் கடன் வாங்கிக்கொண்டு ஊர்ந்து போகும். டாவின்சி ரிசால்வில் இரைச்சல் நீக்கும் வேலையை உயர் தெளிவு புட்டேஜில் போட்டால் மெமரி நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வரும். அந்த வகை வேலையே தினசரி பிழைப்பு என்றால் 24 ஜிபி என்பது உண்மையான லாபம்தான். அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதே கேள்வி.

பெரும்பாலான எடிட்டர்களின் தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. சோனி ஏ7எஸ் 3 போன்ற கேமராக்கள் எடுக்கும் எச்.265, 10 பிட், 4:2:2 வகை புட்டேஜை டைம்லைனில் போட்டால் படம் திக்கித் திணறுகிறது. கிராஃபிக்ஸ் வலு போதவில்லை என்று நினைத்துத்தான் பலர் பெரிய லேப்டாப்பைத் தேடுகிறார்கள். ஆனால் அந்த புட்டேஜை விரித்துக் காட்டுவது சிப்புக்குள் இருக்கும் தனியான டிகோடர் பகுதி. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 40 வரிசை வரைக்கும், உச்சியில் இருந்த 4090 உட்பட, அந்த வகையை டிகோட் செய்யும் வசதியே கிடையாது. 50 வரிசையில்தான் வந்தது. இன்டெல் பிராசசர்களில் உள்ள சாதாரண உள்ளமைந்த கிராஃபிக்ஸ் அதைப் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறது. ஆப்பிளின் எம் வரிசை சிப்புகளும் செய்கின்றன. இல்லாவிட்டாலும் ப்ராக்ஸி என்னும் லேசான நகல்களை உருவாக்கி எடிட் செய்யும் வழி முன்னணி எடிட்டிங் மென்பொருள்களில் உண்டு. ஒரு லட்ச ரூபாய் லேப்டாப்பில் தீரக்கூடிய பிரச்சினைக்கு நான்கு லட்சம் செலவிடுவது மனதை வருத்தும் விஷயம். தன் வேலை எங்கே சிக்குகிறது என்று தெரியாமல் இயந்திரம் வாங்கக் கூடாது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் ஊரில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. இணையத்தில் நாம் பார்க்கும் மதிப்பீடுகளில் பெரும்பாலானவை குளிர்ந்த அறைகளில் எடுக்கப்பட்டவை. இன்டெல் எச்எக்ஸ் வகை பிராசசர்களின் வெப்ப வரம்பு 100 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்கிறது. 22 டிகிரி அறையில் விசிறிக்குக் கிடைக்கும் இடைவெளி 78 டிகிரி. மே மாதத்துச் சென்னையில் ஏசி இல்லாத 36 டிகிரி அறையில் அது 64 டிகிரி. அதே விசிறி அதே வேகத்தில் சுழன்றாலும் தோராயமாக ஐந்தில் ஒரு பங்கு குறைவான வெப்பத்தையே வெளியே தள்ள முடியும்; சிப் அந்த அளவுக்குத் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். டெஸ்க்டாப்பிலும் இந்தக் கணக்கு உண்டு, ஆனால் அங்கே இன்னொரு விசிறி மாட்டலாம், பெரிய கூலர் போடலாம், தூசியை நாமே திறந்து துடைக்கலாம். லேப்டாப்பில் நெருக்கமாக அடுக்கிய தகடுகளுக்குள் ஆண்டுக்கணக்கில் தூசி அடைந்தால் வலு மெல்ல மெல்லக் குறைவதே பலருக்குத் தெரியாது. விசிறிச் சத்தமும் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. அதே அறையில் டப்பிங்கோ ஒலிக் கலவையோ செய்கிறவர் முழு வேகத்தில் ஓடும் பெரிய லேப்டாப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க முடியாது.

பழுது என்று வரும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் கார்டு போனால் சென்னை ரிச்சி தெரு போன்ற கணினிச் சந்தைக்குப் போய் வேறொன்று வாங்கி மாட்டலாம். வாங்கும்வரை பழைய கார்டில் ஓட்டலாம். லேப்டாப்பில் அந்தச் சிப் மதர்போர்டோடு சேர்த்து ஒட்டப்பட்டிருக்கிறது. அது போனால் போர்டே போனது போல. சர்வீஸ் சென்டரில் போர்டு வரும்வரை கையில் எடுத்த வேலை முழுவதும் நிற்கும், முன்பணம் வாங்கியவர் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். மாற்றக்கூடிய கிராஃபிக்ஸ் என்று முயன்றவர்களும் உண்டு. டெல் நிறுவனம் 2019-ல் ஏலியன்வேர் ஏரியா-51எம் லேப்டாப்பை அப்படி அறிமுகப்படுத்தியது. அடுத்த தலைமுறைப் பாகங்கள் அதில் பொருந்தவில்லை என்று 2021-ல் அமெரிக்காவில் வழக்கே தொடரப்பட்டது. ஃபிரேம்வொர்க் நிறுவனத்தின் 16 அங்குல லேப்டாப்பில் இப்போது அந்த வழி ஓரளவு திறந்திருக்கிறது, ஆனால் அது உச்சகட்ட சிப்புகளுக்கானதல்ல.

இதற்கெல்லாம் எதிராகச் சொல்லப்படுவதில் இரண்டு விஷயங்களை மதிக்கிறேன். முதலாவது கரண்ட் கட். மின்சாரம் போனால் லேப்டாப் அணையாது, டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ் வேண்டும். அதற்கும் செலவு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பேட்டரி மாற்றும் வேலையும் உண்டு. இது உண்மை, ஆனால் இரண்டு இயந்திரங்களின் விலை வித்தியாசத்தில் ஒரு சிறு பகுதியே அதற்குப் போதும். இரண்டாவது இடம். வாடகை அறையில் இருவர் மூவராகத் தங்கித் தொழில் செய்யும் இளைஞருக்கு மேசையும் மானிட்டரும் வைக்க இடமில்லை என்பது நியாயமான பதில். அவருக்கு நான் சொல்லக்கூடியது, 18 அங்குலத் திரையின் பரப்பு 16 அங்குலத் திரையைவிடச் சுமார் 27 சதவீதம்தான் அதிகம் என்பதும், 27 அங்குல மானிட்டர் அந்த 18 அங்குலத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் என்பதும். நாள் முழுக்கக் குனிந்து லேப்டாப் திரையைப் பார்ப்பவர் எப்படியும் கழுத்து வலி வந்து தனி மானிட்டரும் கீபோர்டும் வாங்கத்தான் போகிறார். வெளியே போனால் என்ன செய்வது என்ற கேள்விக்கு, வீட்டு டெஸ்க்டாப்பை லேசான லேப்டாப்பிலிருந்து இணையம் வழியாக இயக்கும் மென்பொருள்கள் இன்று நன்றாகவே வேலை செய்கின்றன. அவை தரமான இணைப்பைக் கேட்கும். நிறத்தைத் துல்லியமாகப் பார்க்கும் வேலைக்கு அவை போதாது.

ஆப்பிளைக் காட்டி இந்த வாதமே பழையது என்பவர்களும் உண்டு. 17 அங்குல மேக்புக் ப்ரோவை ஆப்பிள் 2012-லேயே நிறுத்திவிட்டது. 2021-ல் வந்த எம்1 மேக்ஸ் கொண்ட 16 அங்குல மாடல் 2.2 கிலோதான், சார்ஜர் 140 வாட், பேட்டரியில் ஓடினாலும் வலு குறைவதில்லை. வீடியோ எடிட்டிங் மட்டுமே தொழில் என்பவருக்கு இது என் வாதத்துக்கு வலுச் சேர்க்கிறதே தவிர எதிராகப் போகவில்லை. கூடா கோர்களை நம்பி எழுதப்பட்ட முப்பரிமாண ரெண்டர் மென்பொருள்களில் வேலை செய்பவருக்கு மட்டும் அந்த வழி பெரிதாக உதவாது.

அப்படியானால் பெரிய லேப்டாப் யாருடையது? காலையில் முகூர்த்தத்தை எடுத்து, மண்டபத்திலேயே ஒரு மூலையில் உட்கார்ந்து வெட்டி, மாலை வரவேற்பில் திரையிட்டுக் காட்டும் குழுவுடையது. வெளியூர்ப் படப்பிடிப்பில் ஜெனரேட்டர் மின்சாரத்தில் அன்றைய புட்டேஜைப் பத்திரப்படுத்தி, நிறம் சரிபார்த்து இயக்குநருக்குக் காட்டும் தொழில்நுட்பருடையது. மேடை நிகழ்ச்சிகளில் எல்இடி திரைக்கு நேரலையாகக் காட்சி ஓட்டுபவருடையது. இவர்களுக்கு டெஸ்க்டாப்பைத் தூக்கிப் போவது நடக்காத காரியம்; இணையத்தை நம்ப முடியாது; வேலை அங்கேயே முடிய வேண்டும். இவர்கள் நான்கு லட்சம் கொடுத்தாலும் அது செலவாகாது, முதலீடாகத் திரும்பி வரும்.

மற்றவர்கள் சரியாக முடிவெடுக்க வேண்டுமானால் அதற்கான தகவல் பெட்டியின் மேலேயே இருக்க வேண்டும். கடிகார வேகத்தையும் வாட் அளவையும் இணையப் பக்கங்களில் குறிப்பிடும்படி 2021-ல் என்விடியா லேப்டாப் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. இன்றும் பல கடைப் பட்டியல்களில் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஏசி வாங்கினால் ஆண்டுக்கு எத்தனை யூனிட் எடுக்கும் என்பது முகப்பிலேயே ஒட்டியிருக்கிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள தொழிற்கருவிக்கு, கிராஃபிக்ஸ் சிப் எத்தனை வாட்டில் ஓடும், எத்தனை ஜிபி மெமரி, 35 டிகிரி அறையில் அரை மணி நேரம் தொடர்ந்து ஓடிய பிறகு அந்த வாட் எவ்வளவு மிஞ்சும் என்ற மூன்றையும் அச்சிட்டு ஒட்டச் சொல்லி நுகர்வோர் துறை உத்தரவிட வேண்டும். அதுவரை, வாங்குபவர் தன் சொந்த புட்டேஜைப் பென் டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்கக் கேட்கலாம். மறுக்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை.