மின்கம்பத்தை அழிக்கத் தெரிந்த பிள்ளைகள்

ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்கு வருகிறவர்கள் தேன் அபிஷேகத்துக்காகக் காத்திருப்பார்கள். மற்ற நேரம் வெறும் லிங்கமாகத் தெரிவது, தேன் வழியும்போது அம்மையப்பனாகத் தெரியும் என்பது பக்தர்களின் நம்பிக்கை. அங்கிருந்து திருக்கோவிலூர் பக்கம் போனால் ஜம்பை. அங்கே குகைத்தளம் ஒன்றில் 1981-ல் ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு கண்டுபிடிக்கப்பட்டது. அதில் அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயர் இருந்தது. அசோகர் கல்வெட்டு சொல்லும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்ட கேள்விக்கு, அந்த ஒரே வரியில் விடை கிடைத்தது. எழுத்து எப்போதும் அங்கேதான் இருந்தது. பார்க்கத் தெரிந்த கண்தான் தாமதமாக வந்தது.

இந்த வட்டாரத்துப் பள்ளியில் போட்டோ எடிட்டிங் சொல்லித்தர இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. எடிட்டிங் என்றதும் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது முகத்தை வெள்ளையாக்குவதும், பின்னால் பனிமலையை ஒட்டுவதும்தான். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பெண் பார்க்க அனுப்பும் போட்டோவில் முகப்பருவை மறைக்க, ஸ்டுடியோக்காரர் நெகட்டிவிலேயே பென்சிலால் 'டச்சப்' செய்த காலத்தைப் பார்த்தவர்கள்தானே அவர்களின் பாட்டிமார்!

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வந்துவிட்டது. ஆனால், போட்டோஷாப்புக்குச் சந்தா கட்ட எந்தப் பள்ளியிடம் பணம் இருக்கிறது? இங்கேதான் இலவசக் கருவிகள் கைகொடுக்கின்றன. இவான் குட்ஸ்கிர் என்ற இளைஞர் 2013-ல் வெளியிட்ட 'போட்டோபீ' பிரவுசரிலேயே இயங்கும். கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. நெட் தகராறு செய்யும் ஊர்களுக்கு 'ஜிம்ப்' இன்னும் நல்லது. 1996-லிருந்து இருக்கிறது, ஒருமுறை நிறுவினால் போதும். பக்கத்துக் கேரளத்தில் பள்ளிப் பாடத்திலேயே ஜிம்பைச் சேர்த்துச் சொல்லித்தருகிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. 'பிக்னிக்' என்ற இலவச எடிட்டரும் ஒரு காலத்தில் பிரபலம். 2010-ல் கூகுள் அதை வாங்கியது, 2012 ஏப்ரலில் மூடிவிட்டது. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்று மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சரி, பாடம் எப்படி நடக்கலாம்? ஊர்க் கோயில் சுவரிலோ ஏரிக்கரைக் கல்லிலோ தேய்ந்துபோன எழுத்து இருந்தால், சாய்வான வெயில் விழும் காலையிலோ மாலையிலோ செல்போனில் படமெடுத்து வரச் சொல்லலாம். எழுத்து தெரியட்டும் என்று எண்ணெய் தடவுவதோ சாக்பீஸ் தேய்ப்பதோ கூடாது, கல் பாழாகும். படத்தில் கல்லும் சாம்பல் நிறம், எழுத்தின் பள்ளமும் கிட்டத்தட்ட அதே சாம்பல். 'லெவல்ஸ்' கருவியைத் திறந்து கறுப்பு முனையையும் வெள்ளை முனையையும் நடுப்பக்கம் நகர்த்தினால், அந்தச் சின்ன வித்தியாசம் விரிந்து எழுத்து மேலே வரும். விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் இருப்பவை போன்ற பழைய செங்காவிப் பாறை ஓவியங்களை ஆராய்கிறவர்கள் உலகெங்கும் பயன்படுத்தும் 'டீஸ்ட்ரெட்ச்' செய்வதும், நிறங்களை வைத்து, ஏறக்குறைய இதே வேலைதான். கண்ணுக்கு மங்கிப்போன சிவப்பை அது இழுத்துக் காட்டிவிடும். மாற்றிய படத்தை வேறு பெயரில் சேமிக்க வேண்டும், அசலைத் தொடக் கூடாது என்பதையும் அன்றே பழக்கிவிடலாம்.

அடுத்த வகுப்பில் கதையைத் திருப்பிப் போட வேண்டும். கோபுரத்துக்கு முன்னால் நிற்கும் மின்கம்பத்தை 'குளோன் ஸ்டாம்ப்' கொண்டு அழிக்கச் சொல்லுங்கள். பக்கத்து வானத்தையும் சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கம்பத்தின் மேல் பூசும் கருவி அது. பத்து நிமிடத்தில் கம்பம் காணாமல் போகும். பிறகு, ஒரு பெஞ்ச் செய்த படத்தை அடுத்த பெஞ்சுக்குக் கொடுத்து, "எங்கே கை வைத்திருக்கிறார்கள், கண்டுபிடி" என்று கேட்க வேண்டும். ஒரே கறை சுவரில் இரண்டு இடத்தில் இருக்கும். கம்பம் போயிருக்கும், தரையில் அதன் நிழல் மட்டும் கிடக்கும். வகுப்பில் சத்தம் கூரையைப் பிய்க்கும். பாடத்தில் முக்கியமான பகுதி இதுதான். இந்த இரண்டாம் வகுப்பை நடத்தாவிட்டால் முதல் வகுப்பையும் நடத்தாமல் இருப்பதே நல்லது.

ஏனென்றால், பெண் பிள்ளையின் படத்தை யாராவது எடுத்து எதனுடனாவது ஒட்டிவிடுவார்களோ என்று பயந்து, மகளைப் பள்ளி குரூப் போட்டோவில்கூட நிற்க விடாத அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பயத்தைப் பத்தாம்பசலித்தனம் என்று யாரும் தள்ளிவிட வேண்டாம். எனவே வகுப்பில் பயிற்சிக்குப் பிள்ளைகளின் முகம் வேண்டாம். புளியமரம், கரும்பு லோடு ஏற்றிய டிராக்டர், மக்காச்சோளக் கதிர் போதும். கருவியைத் தேர்ந்தெடுக்கும்போதும் முதலில் கேட்க வேண்டியது, படம் எங்கே போகிறது என்பதுதான். போட்டோபீயில் கணினியிலிருந்து திறக்கும் படம் அந்தக் கணினியிலேயே இருக்கிறது. ஜிம்பும் அப்படியே. முகத்தை ஒரு நொடியில் கார்ட்டூனாக்கித் தரும் பல ஆப்கள், படத்தைத் தங்கள் சர்வருக்கு அனுப்பித்தான் வேலை செய்கின்றன. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. ஆப்பில் 'ஓகே' அழுத்துகிற பிள்ளைக்கும் அது தெரியாது, பல வீடுகளில் பெற்றோருக்கும் தெரியாது.

விபரீதம் நடந்தே விட்டால்? திட்டுவதற்கு முன் பிள்ளையிடம் இருந்து முழு விவரத்தையும் கேட்டு, ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். ஒரு விதிவிலக்கு: ஆபாசமாக மாற்றிய படம் என்றால் அதைப் பிரதி எடுக்கவோ, காட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பவோ கூடாது, அனுப்பியவரின் எண், கணக்கு, லிங்க் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் போதும். 1098 குழந்தைகள் உதவி எண். தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பகுதியே உண்டு. 18 வயதுக்குட்பட்டோரின் அந்தரங்கப் படங்கள் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. அங்கேயும் படத்தை அனுப்ப வேண்டாம். படத்தின் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும்.

மின்கம்பத்தை அழித்துப் பழகிய பிள்ளையிடம் அம்மா ஒரு நாள் வாட்ஸ்அப்பில் வந்த படத்தை நீட்டி, "அய்யய்யோ, இதைப் பாரேன்" என்பார். பிள்ளை படத்தைப் பெரிதாக்கும். "நிழலைப் பாரும்மா" என்று காட்டும்.