முத்திரை இல்லாத மீட்டர்

காய்கறிக் கடைக்காரரின் மின்னணுத் தராசை ஆண்டுக்கொரு முறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதி. ஆட்டோவின் கட்டண மீட்டருக்கும் முத்திரை வேண்டும். சாலையோரத்தில் போலீசார் நீட்டும் ரேடார் கருவியையும் இந்த வளையத்துக்குள் கொண்டுவந்தாயிற்று. 2025 ஜூலை 1 முதல் அதுவும் சரிபார்க்கப்பட்டு முத்திரை பெற்றிருக்க வேண்டும். வரவேற்கிறோம். ஆனால் அந்த ரேடாருக்கு எதிரே வரும் வண்டியின் ஸ்பீடோமீட்டரை யார் சரிபார்த்தார்கள்? சொந்த உபயோக வண்டியென்றால், ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளிலிருந்து ஒருவரும் இல்லை.

சட்டத்துக்கு இது தெரியாமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117ஆம் விதி ஸ்பீடோமீட்டருக்கென்றே இருக்கிறது. கருவி எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இந்தியத் தரநிலையும் உண்டு. புது மாடல் விற்பனைக்கு வருமுன் நடக்கும் சோதனையில் கம்பெனி அதற்கு உட்பட வேண்டும். அத்தோடு அரசின் அக்கறை தீர்ந்துபோகிறது. சொந்தக் காரின், பைக்கின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். அதுவரை தகுதிச் சான்று கேட்பாரில்லை. அதற்குள் எத்தனை முறை டயர் மாறியிருக்கும்!

டயரில்தான் விஷயமே இருக்கிறது. ஸ்பீடோமீட்டர் சாலையைப் பார்ப்பதில்லை. சக்கரத்தின் சுழற்சியைக் கணக்கெடுத்து, ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கம்பெனி வகுத்துவைத்த அளவால் பெருக்கி ஒரு எண்ணைக் காட்டுகிறது. டயர் தேய்ந்தால் சுற்றளவு குறையும், மீட்டர் கூட்டிச் சொல்லும். அதில் பெரிய ஆபத்தில்லை. எடுப்பாகத் தெரியட்டும் என்று கம்பெனி குறித்த அளவை விட்டுப் பெரிய டயர் மாட்டும்போதுதான் வில்லங்கம். விட்டம் 5 சதவீதம் கூடினாலே போதும், மீட்டர் 60 என்று சொல்லும்போது வண்டி 63இல் ஓடும். டயர் மாற்றித் தரும் கடையில் மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை பேசுகிறவர் அபூர்வம்.

சென்னைப் போக்குவரத்து போலீசார் 2023 நவம்பரில் கார்களுக்கு 60, இருசக்கர வாகனங்களுக்கு 50, ஆட்டோக்களுக்கு 40, குடியிருப்புப் பகுதிகளில் 30 என்று வரம்பு வகுத்தார்கள். மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆம் பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய், கனரக வாகனத்துக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் அபராதம். வேகமாகப் போனான் என்று ஒரு சாட்சி கண்ணால் பார்த்துச் சொன்னால் மட்டும் போதாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்கிறது அதே பிரிவு. நியாயமான ஏற்பாடு. வேகத்தைக் கண்காணிக்கும் மின்னணுக் கருவிகளுக்கு ஆண்டுதோறும் ஒப்புதல் சான்றைப் புதுப்பிக்க வேண்டும் என்று 2021இல் 167ஏ விதியும் வந்தது. தண்டிக்கும் கருவிக்கு இவ்வளவு காப்பு. வரம்புக்குள் ஓட்ட நினைப்பவனின் கையிலுள்ள ஒரே கருவிக்கு ஒன்றும் இல்லை. இந்த ஓரவஞ்சனையைத்தான் கண்டிக்கிறோம்.

பிற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பது ஒன்றும் பரம ரகசியமல்ல. ஐ.நா.வின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த 39ஆம் ஒழுங்குமுறைப்படி, மீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டலாம், அதுவும் உண்மை வேகத்தில் பத்தில் ஒரு பங்கும் அதன்மேல் 4 கிலோமீட்டரும் வரைதான். உண்மையில் 60இல் ஓடும் வண்டி 70 வரை காட்டலாம், 59 காட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் பழைய விதி இரு பக்கமும் 10 சதவீதப் பிழையை அனுமதித்திருந்தது. மீட்டரில் 100 தெரியும்போது வண்டி ஏறக்குறைய 110இல் போய்க்கொண்டிருக்கலாம். 2006 ஜூலை முதல் புது மாடல்களுக்கு அந்த நாடு குறைத்துக் காட்டும் வாசலை அடைத்துவிட்டது.

ஐரோப்பிய விதியையும் நாம் கும்பிட்டு ஏற்கச் சொல்லவில்லை. 100க்கு 114 வரை காட்டலாம் என்பது தாராளம்தான். அந்தத் தாராளம் ஓட்டுநர்களுக்கு ஒரு கெட்ட பாடம் சொல்லிக்கொடுக்கிறது. போனில் ஜிபிஎஸ் காட்டும் வேகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், “மீட்டர் எப்பவும் கூட்டித்தான் காட்டும்” என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார்கள். பெரிய டயர் மாட்டியவரும் அதே நம்பிக்கையில்தான் அழுத்துகிறார்.

வாடகை வண்டிகளுக்கும் பேருந்துகளுக்கும் தகுதிச் சான்று இருக்கிறதே என்று போக்குவரத்துத் துறை சொல்லக்கூடும். டவுன் பஸ்ஸில் டிரைவர் பக்கத்தில் நின்று போகிறவர்களைக் கேளுங்கள். எத்தனையோ வண்டிகளில் முள் பூஜ்யத்தில் படுத்துக் கிடக்கிறது. அவையும் எஃப்.சி. வாங்கிய வண்டிகள்தாம். கட்டண மீட்டரில் முத்திரையும் பக்கத்தில் செத்த ஸ்பீடோமீட்டருமாக ஓடும் ஆட்டோவுக்கு 40 கிலோமீட்டர் வரம்பு என்பது யாரை ஏமாற்ற?

ஆள் இல்லை, இடம் இல்லை என்ற சாக்கு எடுபடாது. புகைச் சோதனையைப் பெட்ரோல் பங்க் வாசலிலேயே நடத்தக் கற்றுக்கொண்ட நாடு இது. உருளை மேடையில் வண்டியை ஏற்றினால் சில நிமிட வேலை. அதுவும் வேண்டாமென்றால், சரிபார்த்த ஜிபிஎஸ் கருவியோடு நேர்ச்சாலையில் ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் மீட்டரின் லட்சணம் தெரிந்துவிடும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அடுத்த விதித் திருத்தத்திலேயே இதைச் சரிசெய்ய வேண்டும். எஃப்.சி. சோதனையில் முள் அசைகிறதா என்று எட்டிப் பார்ப்பது போதாது. குறைந்தது இரண்டு வேகங்களில் அளந்து, கண்ட பிழையைச் சான்றிலேயே எழுத வேண்டும். உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டும் எந்த மீட்டரும் தேறக் கூடாது. சொந்த வண்டிகளின் மீட்டரைப் புகைச் சோதனையோடு சேர்த்துப் பார்க்க வழிசெய்ய வேண்டும். டயரின் அளவை மாற்றும் கடை, மீட்டரில் வரும் வித்தியாசத்தை ரசீதில் எழுதித் தர வேண்டும். வேக அபராதச் சலானில் ரேடாரின் முத்திரைத் தேதியும் அதற்கு அனுமதித்த பிழையளவும் இடம்பெற வேண்டும்.

மாநிலப் போக்குவரத்துத் துறை தில்லியின் உத்தரவுக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: முள் அசையாத பேருந்தைப் பணிமனையை விட்டு வெளியே விடாதிருப்பது. அப்படியொரு வண்டிக்குத் தகுதிச் சான்று தந்த அதிகாரியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்கட்டும்.