படத்தின் பின்புறம்

புகழ்பெற்ற நிழற்படக் கலைஞரின் பிரதியொன்று கைக்கு வந்தால், சேகரிப்போர் அதைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பார்கள். கையெழுத்து உண்டா, முத்திரை உண்டா, எவர் கையிலிருந்து எவர் கைக்கு வந்தது என்று ஆராய்வார்கள். இதை வீண்வேலை என்று தள்ளிவிடலாகாது. போலிச் சான்றின்மேல் எழுப்பிய வரலாறு நிலைப்பதில்லை.

நானுஓயாவிலிருந்து நான் இப்பொருள்பற்றி எழுதுவதற்குக் காரணமுண்டு. 1815இல் கல்கத்தாவிற் பிறந்த ஜூலியா மார்கரெட் கமரன், 48ஆம் வயதிற் கமராவைக் கையிலெடுத்து, டெனிசன், டார்வின் போன்றோரைப் படமாக்கி உலகப்புகழ் பெற்றவர். 1875இல் இலங்கைக்கு வந்த அவ்வம்மையார், 1879 ஜனவரியில் இம்மலைநாட்டிலேயே காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டார். இந்நாட்டு மக்களையும் தோட்டத் தொழிலாளரையும் அவர் எடுத்த படங்களுள் இன்று அறியப்படுவன முப்பதுக்கும் குறைவே.

அவருடைய பிரதியை இனங்காண்பது எப்படி? முட்டை வெண்கரு பூசிய மெல்லிய தாளில் அவர் பிரதி செய்தார். அத்தாள் காலத்தாற் பழுப்பேறும். உருப்பெருக்கியில் நார் தெரியும். நாருக்குப் பதில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால், அது அச்சகத்தில் அச்சான படம். புறஊதா ஒளியில் நீலவெண்மையாய் ஒளிருந் தாள் பெரும்பாலும் 1950களுக்குப் பிற்பட்டது. அவருடைய படங்கள் சிலவற்றை ஆட்டோடைப் கம்பெனி மங்காத கரிமப் பிரதிகளாக வெளியிட்டது. அவை போலியல்ல, ஆயின் அவர் கையாற் செய்தவையுமல்ல.

இத்தனை நுட்பமும், படத்தை எடுத்தவர் யார் என்று அறிவதற்கே. படத்தில் இருப்பவர் யார்?

டெனிசன் படத்தில் டெனிசன் பெயருண்டு. 1878இல் களுத்துறையில் எடுத்த குடியானவர் படத்திலோ, சிறுமிக்கு வயது 12 என்றும், தந்தை தமக்கு வயது 100 என்கிறார் என்றும் குறிப்புண்டு. பெயர் மட்டும் இல்லை. வயதைக் கேட்ட வாய்க்குப் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை போலும்! கொழுந்து கொய்யும் பெண்களைக் காட்டும் பழைய அஞ்சலட்டைகளின் கதையும் பெரும்பாலும் இதுவே. எடுத்தவர் பெயர் பிரதியின் விலையை உயர்த்தலாம். இருப்பவர் பெயரின்றி அதன் உண்மை பாதியே என்பது என் துணிபு.

1948இல் குடியுரிமை இழந்து, 1964 ஒப்பந்தத்தாற் கடலுக்கு இருகரையிலும் பிரிந்த நம் மக்களுக்குச் சான்றின் அருமையை நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அன்று பிரிந்தோர் விட்டுச்சென்ற படங்கள் லயங்களின் பெட்டிகளில் இன்னும் கிடக்கின்றன. அவற்றிலுள்ளோரை அடையாளங்காட்டவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர்.

ஆசிரியர்களே, மாணவர்களே! வரும் விடுமுறையில் பாட்டியருகில் அமர்ந்து, ஒவ்வொரு முகத்துக்கும் பெயர் கேளுங்கள். பெயர், தோட்டம், ஆண்டு ஆகியவற்றைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிவிடும். வழவழப்பான தாளாயின் உறையில் எழுதுங்கள். விலைமதிக்க நாளை எவரேனும் வரலாம், வராமலும் போகலாம். யாரோ ஒரு கூலிப்பெண் என்று நம் பாட்டியை இனியொருவர் எழுத இடமிராது.