பீரங்கியா, தள்ளுபடியா?

ஒரு வியாபாரி, சரக்கு ஏத்த ஒரு கப்பலை வாடகைக்குப் பேசி கையெழுத்தும் போட்டாச்சு. இதுதான் சார்ட்டர். நடுவுல இன்னொரு கப்பல் முதலாளி புகுந்து, 'அதைக் கேன்சல் பண்ணு, என் கப்பலுக்கு வா'ன்னு இழுக்கிறார். 'பிசினஸ்ல இதெல்லாம் சகஜமப்பா'ங்கறீங்களா? இங்கிலாந்து கோர்ட்டுகள் வேற மாதிரி சொல்லுது பாஸ்!

முதல்ல 1793-ம் வருஷ டார்ல்டன் வழக்கு. ஆப்பிரிக்காவின் கேமரூன் கரையில் நின்ற ஒரு கப்பலோடு வியாபாரம் பேச, உள்ளூர்க்காரங்க படகுல வந்தாங்க. போட்டிக் கப்பல் கேப்டன் பீரங்கியால சுட்டுட்டார். ஒருத்தர் உயிரே போச்சு. ஆனா வழக்குப் போட்டது, 'எங்க வியாபாரம் கெட்டுப்போச்சு'ன்னு கப்பல் முதலாளிகள்! நீதிபதி கென்யன் பிரபு, 'கேப்டன்தான் பொறுப்பு'ன்னுட்டார்.

அடுத்தது மோகல் வழக்கு. சீனாவின் ஹாங்கோ துறைமுகம், 1885. தேயிலை ஏத்துற கம்பெனிகள் கூட்டணி போட்டு கட்டணத்தைத் தடாலடியா குறைச்சாங்க. 'எங்க கப்பல்ல மட்டும் அனுப்பினா 5 சதவீதம் தள்ளுபடி'ன்னும் ஆசை காட்டினாங்க. மோகல் கம்பெனிக்கு செம அடி. ஆனா 1891-ல் பிரபுக்கள் சபை சொன்னது: இது போட்டி, குத்தமில்லை.

சரி, நம்ம சார்ட்டர் ஆளு? பீரங்கியும் இல்லை, வெறும் தள்ளுபடியும் இல்லையே! அதுக்கு விடை 1853-ல், ஒரு ஓபரா பாடகிக்காக ரெண்டு தியேட்டர்காரங்க மோதின வழக்குல இருக்கு. ஒப்பந்தம் இருக்குன்னு தெரிஞ்சே அதை மீறத் தூண்டினா, தூண்டினவர் மேலயும் நஷ்டஈடு கேட்கலாம். கப்பலுக்கும் அதே ரூல்தான்.

நாளைக்கு நீங்களும் தொழில் தொடங்குவீங்க. கையெழுத்துப் போடாத கஸ்டமரை விலையைக் குறைச்சு இழுங்க, தப்பேயில்லை. போட்டவரைக் கிழிக்கச் சொல்லாதீங்க!