காலம் தாழ்ந்து களம் புகலாமா?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பழமொழி. பிள்ளை எந்தப் பாடப்பிரிவை எடுப்பது என்னும் பேச்சு எழுந்தால் தாத்தா இதைச் சொல்வார். வேலை மாறுவதைப் பற்றி அண்ணன் வாய் திறந்தால் அப்பா இதைச் சொல்வார். ஒருமுறை தேர்ந்தெடுத்த பாதையில்தான் ஆயுள் முழுதும் நடக்க வேண்டும் என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டமாகவே இருந்து வருகிறது. அப்படியிருக்க, படித்துப் பட்டம் பெற்று, நல்ல வேலையில் அமர்ந்து, மாதந்தோறும் சம்பளம் வாங்கும் ஒரு பெண், "நான் இந்த வேலையை விட்டுவிட்டு இராணுவத்தில் சேரப் போகிறேன்" என்று சொன்னால் என்ன ஆகும்? வீடு இரண்டுபடும்!

பெற்றோர் அப்போது மூன்று கேள்விகளைக் கேட்பர். இத்தனை ஆண்டு படித்த படிப்பு வீண்தானா? வயது ஏறிய பின் உடம்பு இதைத் தாங்குமா? கையிலிருக்கும் நல்ல வாழ்வை விட்டு இந்தத் துன்பம் எதற்கு? இம்மூன்றும் நியாயமான கேள்விகளே. அன்பினால் எழுபவை. ஆயினும் இவற்றிற்கு விடை உண்டு என்பதே என் கருத்து. தக்க காரணத்தோடு, விழிப்போடு, சற்றுக் காலம் தாழ்ந்து படையில் சேருகிறவளை நாம் தடுக்கலாகாது. அவளுடைய முடிவைப் பொறுமையாகக் கேட்டறிய வேண்டும் என்பேன்.

முதலில் நமக்குப் பழகிய ஓர் இடத்தை நினைவு கூர்வோம். நம்மில் முக்கொம்புக்குச் சுற்றுலா செல்லாதவர் யார்? மேற்கே இருந்து அகன்று வரும் காவிரி அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. தெற்கே செல்லும் கிளை காவிரி என்ற பெயரையே தாங்கி வயல்களுக்குப் பாய்கிறது. வடக்கே செல்லும் கிளை கொள்ளிடம். இவ்விரண்டின் நடுவே திருவரங்கத் தீவு கிடக்கிறது. கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. ஆதலால் முற்காலத்தில் நீர் அப்பக்கமே மிகுதியாக ஓடிவிட, காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சை வயல்கள் வாடின. இதைத் தடுக்க 1836-ல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டியவர் ஆர்தர் காட்டன். அவர் யார் தெரியுமா? பதினாறு வயதிலேயே சென்னைப் படையின் பொறியாளர் பிரிவில் சேர்ந்தவர். ஆம், வயலுக்கு நீர் தந்தவர் ஒரு படைவீரர்!

நாள்தோறும் நெல்லுக்குப் பாய்வது காவிரியின் தொழில். வெள்ளம் பெருகும்போது அதைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு கடலுக்குக் கொண்டு சேர்ப்பது கொள்ளிடத்தின் தொழில். கொள்ளிடம் இல்லையேல் வயலும் இல்லை, ஊரும் இல்லை. 2018 ஆகஸ்டு 22 இரவு வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் இடிந்து விழுந்தபோது திருச்சி மக்கள் பட்ட கலக்கம் இதை நன்கு உணர்த்தியது. இரண்டு ஆறுகளில் ஓடுவதும் ஒரே நீர்தான். அமைதிக் காலத் தொழிலும் படைத்தொழிலும் இத்தகையவையே. வெள்ளம் வந்த நாளில் காவிரிக்கென்று வந்த நீர் கொள்ளிடத்தில் திரும்பினால் அதை வீண் என்று யாரும் சொல்வதில்லையே!

இதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெருவாழ்வு உண்டு. லட்சுமி சுவாமிநாதன் 1914 அக்டோபர் 24 அன்று சென்னையில் பிறந்தார். தந்தை சுவாமிநாதன் பெயர் பெற்ற வழக்கறிஞர். தாய் அம்மு சுவாமிநாதன் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் அமர்ந்தவர். லட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று 1938-ல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் மகப்பேறு மருத்துவத்தில் பட்டயமும் பெற்றார். 1940-ல் சிங்கப்பூர் சென்று மருத்துவமனை திறந்தார். அங்கே அவரை நாடி வந்தவர்களில் பலர் இந்தியாவிலிருந்து பிழைக்கச் சென்ற ஏழைத் தொழிலாளர்கள். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. காயமுற்ற போர்க்கைதிகளுக்கும் அவர் மருத்துவம் பார்த்தார்.

1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கென்றே ஒரு படைப்பிரிவு வேண்டும் என்றார். சில பெண்களைத் திரட்டி, புடவை உடுத்தபடியே துப்பாக்கி ஏந்தி, அவருக்கு அணிவகுப்பு மரியாதை தரச் செய்தவர் லட்சுமியே. அப்படையை நீங்களே நடத்த வேண்டும் என்று கேட்கப்பட்டபோது அவருக்கு வயது இருபத்தெட்டு. கையில் நல்ல தொழில். ஊரில் நல்ல பெயர். மருத்துவமனையை விட்டுவிட்டுக் களம் புகுந்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் தொடங்கியது. அந்நாள் முதல் டாக்டர் லட்சுமி நாட்டுக்குக் கேப்டன் லட்சுமி ஆனார்.

அப்படையில் சேர்ந்தோருள் பலர் மலேயா இரப்பர் தோட்டங்களில் பிறந்த தமிழ்ப் பெண்கள். நம் மேல்வகுப்பு மாணவியர் வயதினர். கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் வளர்ந்த ஜானகி தேவர் சேரும்போது அவருக்குப் பதினெட்டு வயதுதான். பிறகு அவர் படையின் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றை ஏற்றார். 2000-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று. பதினெட்டில் வந்த ஜானகியையும் இருபத்தெட்டில் வந்த லட்சுமியையும் ஒப்பிட்டு, யார் உயர்ந்தவர் என்று கேட்பது பேதைமை. இளங்கன்று பயமறியாது, அந்தப் பயமின்மை படைக்கு வேண்டும். ஆனால் வீட்டை விட்டு வந்த இளம்பெண்களுக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வந்தால் மருந்து தரவும், அவர்களைக் கட்டி மேய்க்கவும், தாய்க்குத் தாயாக இருக்கவும் உலகம் கண்ட ஒருத்தி வேண்டும். தொழிலில் பெற்ற அனுபவத்தை லட்சுமி அங்கே கொண்டு சேர்த்தார்.

முன்னணிப் போரில் ஈடுபடும் வாய்ப்பு அப்படைக்குக் கிட்டவில்லை. பர்மாவுக்குச் சென்றார்கள், போர் தோல்வியில் முடிந்தது. 1945-ல் லட்சுமி பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார். 1946-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டார். 1947-ல் பிரேம்குமார் சேகலை மணந்து கான்பூரில் குடியேறினார். அதன் பிறகு என்ன செய்தார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது. மறுபடியும் டாக்டர் ஆனார்! ஏழைப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். 1971-ல் வங்காள தேசத்திலிருந்து வந்த அகதிகளுக்குத் தொண்டாற்றினார். 1984-ல் போபால் நச்சுவாயு விபத்தின்போது மருத்துவக் குழுவோடு விரைந்தார். தொண்ணூறு வயது கடந்த பின்னும் நோயாளிகளைப் பார்த்து வந்தார். 1998-ல் பத்ம விபூஷண் பெற்றார். 2012 ஜூலை 23 அன்று தம் 97-ஆம் வயதில் மறைந்தார். உடலையும் மருத்துவக் கல்லூரிக்கே தந்துவிட்டார். கொள்ளிடத்தில் திரும்பிய நீர் மறுபடியும் வயலுக்கு வந்து சேர்ந்தது. "படித்த படிப்பு வீணா?" என்ற முதற் கேள்விக்கு இதைவிட நல்ல விடை ஏது?

"அது சுதந்திரப் போர்க்காலம். இன்று யார் அப்படிச் செல்கிறார்?" என்று சிலர் கேட்கலாம். செல்கிறார்கள். சாந்தி திக்கா என்பவர் மேற்கு வங்கத்தைச் சேர்ந்த பழங்குடிப் பெண். கணவரை இழந்தவர், இரு குழந்தைகளின் தாய், இரயில்வே ஊழியர். 2011-ல் தம் 35-ஆம் வயதில் பிரதேச இராணுவத்தின் இரயில்வே பொறியாளர் படைப்பிரிவில் வீரராகச் சேர்ந்தார். ஓட்டத்திலும் துப்பாக்கி சுடுவதிலும் திறம் காட்டி, பயிற்சியில் சிறந்தவர் என்ற பாராட்டையும் பெற்றார். 2013-ல் அவர் காலமானது நம் துரதிருஷ்டம். பொன்மலை இரயில்வே குடும்பங்களிலிருந்து வரும் மாணவியரே, அவர் பெயரை மறவாதீர்கள். டில்லியில் பன்னாட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர் நிதிகா கௌல். அவருடைய கணவர் மேஜர் விபூதி சங்கர் தௌந்தியால் 2019 பிப்ரவரியில் புல்வாமாவில் வீரமரணம் எய்தினார். நிதிகா வேலையை விட்டு, சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயின்று, 2021 மே 29 அன்று லெப்டினன்ட் ஆனார். கர்னல் சந்தோஷ் மகாதிக்கின் மனைவி சுவாதி, இரு குழந்தைகளின் தாயாக இருந்தும், வயது வரம்பில் சலுகை பெற்று, 2017-ல் இதே கழகத்திலிருந்து அதிகாரியாக வெளிவந்தார்.

இனி, இரண்டாம் கேள்வி. உடம்பு தாங்குமா? இங்கே நாம் உணர்ச்சிவசப்படாமல் பேச வேண்டும். சுமை தூக்கி ஓடுவது, இரவெல்லாம் விழித்து நடப்பது, மழையிலும் பனியிலும் கிடப்பது ஆகியவை இருபது வயது உடம்புக்கு எளிது, முப்பத்தைந்துக்கு அரிது. அதனால்தான் வயது வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் எல்லாப் பணிக்கும் ஒரே வரம்பு இல்லை என்பதைப் பலர் அறிவதில்லை. குறுகிய காலப் பணியில் சேரும் சாதாரணப் பட்டதாரிக்கு வரம்பு 25. பொறியியல் பட்டதாரிக்கும் சட்டப் பட்டதாரிக்கும் 27. டாக்டருக்கும் இராணுவச் செவிலியருக்கும் அதற்கும் மேல். படையில் உயிர்நீத்தவரின் மனைவிக்கு 35 வரை இடமுண்டு. வேலையை விடாமலே நாட்டுக்குப் பணிபுரிய விரும்புவோருக்குப் பிரதேச இராணுவம் இருக்கிறது. 1949-ல் இராஜாஜி கவர்னர் ஜெனரலாக இருந்தபோது தொடங்கி வைத்த அமைப்பு அது. தொழிலில் இருப்பவர்கள் 42 வயது வரை அதில் அதிகாரியாக முயலலாம். பெண்களுக்கும் அதன் கதவு திறந்திருக்கிறது. விதிகள் அவ்வப்போது மாறும். எனவே புதிய அறிவிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாம் கேள்விதான் கடினமானது. கையிலிருப்பதை விட்டுத் துன்பத்தை ஏன் தேட வேண்டும்? துன்பம் உண்டு என்பதை மறைக்கலாகாது. காலம் தாழ்ந்து செல்பவள், தன்னைவிடப் பத்து வயது இளையவரின் கட்டளைக்கு "சரி ஐயா" என்று நிற்க வேண்டும். குறுகிய காலப் பணி என்பது பத்தாண்டு; நீட்டித்தால் பதினான்கு. அதிகாரியாக ஓய்வூதியம் பெற இருபதாண்டு பணி வேண்டும். ஆகவே வீட்டில் கேட்க வேண்டிய கேள்விகளை முன்னரே கேட்டுவிட வேண்டும். கடன் இருக்கிறதா? வயதான பெற்றோரை யார் பார்ப்பார்? பணி முடிந்து திரும்பினால் எந்தத் தொழில் கைகொடுக்கும்? இவற்றிற்கு விடை இல்லாமல், அலுவலகத்தில் மேலதிகாரியோடு மனக்கசப்பு என்பதற்காகவோ, சீருடையின் மிடுக்குக்காகவோ புறப்படுவது அறிவுடைமை ஆகாது. வெறுப்பில் பிறந்த முடிவு முதல் மாதப் பயிற்சியிலேயே வாடிப்போகும்.

இன்னொன்றும் உண்டு. படை என்பது ஆயுதம் ஏந்துவது. உயிரைக் கொடுப்பதோடு உயிரை எடுப்பதும் அதில் அடங்கும். நம் அருட்சகோதரிகள் இதைக் குறித்துக் கவலை கொண்டால் அது தவறாகாது. லட்சுமி சேர்ந்த படையே ஜப்பானியரின் துணையோடு இயங்கியது. அதே ஜப்பானியர் சயாம்-பர்மா இரயில் பாதை போட மலேயாத் தோட்டத் தமிழர்களைக் கொண்டுபோய்ப் பல்லாயிரம் பேரைச் சாகக் கொடுத்தனர் என்பதும் வரலாறு. இந்தச் சிக்கலை மூடி மறைத்து வீரம் பேசக் கூடாது. ஆனால் இதனாலேயே நான் சொல்வது வலுப்பெறுகிறது. எதற்காக இந்த ஆயுதம், யாரைக் காக்க, எதுவரை என்று கேட்கத் தெரிந்தவர்கள் படையில் வேண்டும். நோயுற்றவனின் கையைப் பிடித்தவளும், வகுப்பில் பிள்ளைகளை வளர்த்தவளும் உயிரின் விலையை அறிவார்கள். வாழ்க்கையைச் சற்றுப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் சீருடையோடு மனச்சாட்சியையும் அணிந்து வருவார்கள் என்று நம்பலாம்.

திருச்சி படைக்குப் புதிய ஊர் அன்று. 1966 முதல் இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இயங்குகிறது. 1999 மே மாதம் கார்கில் போரில் படாலிக் பகுதியில் உயிர்நீத்த மேஜர் சரவணனின் நினைவிடம் நம் நகரின் நடுவே நிற்கிறது. அதைக் கடந்து தினமும் பள்ளிக்கு வருவோர் நம்மில் உண்டு. 1992 முதல் சென்னைப் பயிற்சிக் கழகத்தில் பெண்கள் பயில்கிறார்கள். 2020-ல் உச்சநீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்கச் சொன்னது. 2022 முதல் தேசியப் பாதுகாப்புக் கழகத்திலும் பெண்கள் சேர்ந்து, 2025 மே மாதம் முதல் அணியினர் வெளிவந்தனர். பள்ளி முடித்தவுடன் செல்ல விரும்புவோருக்கு வழி திறந்தாயிற்று. பின்னால் மனம் திரும்புவோருக்கும் வழி அடைபடவில்லை.

அன்பு மாணவியரே! இன்றைக்கே முடிவெடுக்க வேண்டும் என்று உங்களை யாரும் விரட்டவில்லை. எடுத்த படிப்பை ஆழமாகப் படியுங்கள். கிடைத்த வேலையைக் கண்ணும் கருத்துமாகச் செய்யுங்கள். அரைகுறை டாக்டரும் அரைகுறை பொறியாளரும் எந்தப் படைக்கும் பயன்படார். உடலைப் பேணுங்கள், இருபதில் ஓடிப் பழகியவளே முப்பதிலும் ஓடுவாள். பெற்றோர்களே! உங்கள் மகள் ஒருநாள் இந்தப் பேச்சை எடுத்தால், பழமொழியைச் சொல்லி அவள் வாயை அடைக்காதீர்கள். அருகே அமர்த்தி, "ஏன் அம்மா?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் விடை தெளிவாக இருந்தால் ஆசி கூறி அனுப்புங்கள். தெளிவாக இல்லாவிட்டால், இன்னும் ஓராண்டு யோசிக்கச் சொல்லுங்கள். நல்ல முடிவு ஓராண்டில் கெட்டுப்போவதில்லை.