சேனலை மாற்றினால் தீருமா?

‘பிடிக்கவில்லையா, சேனலை மாற்றுங்கள், சீரியல் ஜோடிக்காகக் கோபப்படுவார்களா?’ என்கிறார் நண்பர். நான் ஒப்பமாட்டேன். அமெரிக்காவில் 1963 முதல் ஓடும் ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ தொடரையே பாருங்கள். 1979-ல், ஆளில்லாத டிஸ்கோவின் தரையில் லாரா என்ற பெண்ணை லூக் என்பவன் பலாத்காரம் செய்தான். தொடரோ அவளே அவனிடம் மயங்கிவிட்டதாக மழுப்பி, அவனையே காதலனாக்கி, 1981 நவம்பரில் கல்யாணமும் செய்துவைத்தது. சுமார் மூன்று கோடிப் பேர் பார்த்தார்கள். ஜோடிக்குச் சாபம் கொடுக்க நடிகை எலிசபெத் டெய்லரே வந்தார்!

அவர்களுடைய மகன் லக்கிக்கு உண்மை தெரிந்து, அப்பாவிடம் அவன் சீற 1998 ஆயிற்று. 19 வருஷம். அதற்குள் எழுதுகிறவர்கள் மாறிவிட்டார்கள். அந்தத் தரையையும் லாராவின் அழுகையையும் மறக்காதிருந்தவர்கள், தினமும் மதியம் ஒரு மணி நேரத்தைத் தொடருக்குக் கொடுத்த பார்வையாளர்கள்தான். அவர்களிடமா சேனலை மாற்றச் சொல்கிறீர்கள்?